சாம்பார்க் கறையும் டோக்கன் நம்பர் 418-ம்

கும்பகோணத்தில் நாத்தனார் மகள் கல்யாணம் முடிந்து வீடு திரும்பிப் பத்தொன்பது நாள் ஆகிறது, இன்னும் ஒரு ஜாக்கெட் டிரைவாஷ் கடையிலிருந்து வரவில்லை. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் இது திட்டுவதற்காக எழுதும் ரெவ்யூ இல்லை. கடை பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது, தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி உள்ளே ஏழெட்டு நிமிடம் நடக்க வேண்டும். குறையையும் சேர்த்துச் சொல்லப் போவதால் பேரைப் போடவில்லை. பெரியவர் ஒருவரும் அவர் மருமகனும் நடத்துகிறார்கள்.

கல்யாணக் கதையைச் சொல்லாமல் கடைக் கதை புரியாது. மூன்று நாள் மண்டபத்திலேயே தங்கல். காலையில் எழுப்ப அலாரம் இல்லை, நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கும் சத்தத்தில்தான் விழிப்பு வரும், கையில் யாரோ காபியைத் திணித்துவிட்டுப் போவார்கள். முதல் நாள் டிபனுக்கு இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு போட்டு, தேங்காய், சோம்பு அரைத்து ஊற்றி நீர்க்க வைத்த கடப்பாவை நம் தண்டையார்பேட்டைப் பக்கம் எந்த ஓட்டலிலும் நான் பார்த்ததில்லை. ஆறு இட்லி சாப்பிட்டேன், எண்ணியது என் பெரிய பையன். பாத்திரம் தேய்க்கிற வேலை கிடையாது, நாளைக்கு என்ன சமையல் என்கிற கேள்வியும் கிடையாது. ராத்திரி பாய் விரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டு இரண்டு மணி வரைக்கும் யார் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு.

முகூர்த்தத்துக்கு நான் கட்டியது சந்தனக் கலரில் அரக்கு பார்டர் போட்ட காஞ்சிபுரம். 2009-ல் என் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது, அப்போதே 11,500 ரூபாய். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்து, பரிமாறுகிற பையன் வாளியோடு குனிந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த வாண்டு கையைத் தட்டிவிட, ஒரு கரண்டி சாம்பார் முழுசாக என் மடியில். அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய தப்பு. பவுடர் போடு என்றார் ஒருவர், சோடா ஊற்று என்றார் இன்னொருவர், அதற்குள் எங்கள் சின்ன மாமியார் என்னைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கிருந்த சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டார். மஞ்சளாக இருந்த கறை என் கண் முன்னாலேயே குங்குமம் மாதிரி சிவந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்சக் கல்யாணம் முழுக்க முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டே ஓட்டினேன், வீடியோவில் எல்லா இடத்திலும் ஏதோ வேலை செய்கிற பெண் மாதிரியே இருக்கிறேன்.

ஞாயிறு ராத்திரி ரயில் ஏறி, திங்கள் விடியற்காலை எழும்பூர். ஐந்து தாம்பூலப் பை, பத்துத் தேங்காய், சீர் முறுக்கு ஒரு டின், தூக்கம் கலையாத இரண்டு பிள்ளைகள். முதல் மெட்ரோவைப் பிடித்து, சென்ட்ரலில் மாறி, தண்டையார்பேட்டையில் இறங்கி வெளியே வந்தால் கண்டெய்னர் லாரி வரிசை நம்மை வரவேற்கிறது. வீட்டில் தொட்டி காலி, மோட்டார் போட மறந்து போயிருக்கிறோம். பால் பாக்கெட் வாங்கி வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மண்ணடியில் இருக்கும் ஆபீஸுக்கு நான் ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தபோது காலில் மருதாணி அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

புடவையைக் கடைக்குக் கொண்டு போனது வியாழக்கிழமைதான். நான்கு நாள் அது பெட்டியிலேயே கிடந்தது, அது என் சோம்பல். பெரியவர் புடவையைக் கவுண்டரில் விரித்து, கறை மேல் கையே வைக்காமல் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சோப்பு போட்டியாம்மா?"

ஆமாம் என்றேன்.

"ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா செவக்குதுல்ல, அதே வேலதான். சாம்பார்ல மஞ்சள், சோப்புல காரம். சும்மா துண்டால ஒத்தி எடுத்துட்டு வந்திருந்தா எனக்கு ஒரு நாள் வேல."

எத்தனை ஆரத்தி கரைத்திருப்பேன், அந்தக் கல்யாணத்திலேயே இரண்டு தட்டு கரைத்தேன், இது தோன்றவே இல்லை! பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். சாம்பாரில் எண்ணெய் வேறு, மஞ்சள் வேறு. எண்ணெயை டிரைவாஷ் எடுத்துவிடும், அதில் தண்ணீர் கிடையாது, பெட்ரோல் வகைத் திரவம்தான். மஞ்சள் அப்படிப் போகாது. சிவந்ததை வினிகர் மாதிரி ஒரு புளிப்பு வைத்து முதலில் மஞ்சளுக்குத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் அதைப் போக்குகிற வேலை. "மஞ்சள் போகணும்னா வெயில் வேணும், பட்டுக்கு வெயில் ஆகாது, நடுவுல நான் மாட்டிக்கினேன்" என்று சிரித்தார். முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கொடுத்தேன். எம்.சி. ரோட்டுப் பக்கம் ஏற்கெனவே இன்னொரு கடையில் கேட்டிருந்தேன், அங்கே கறையைப் பார்க்காமலேயே "போயிடும் மேடம்" என்றார்கள்.

தோள்பட்டைப் பக்கம் ஜரிகை கறுத்திருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். சென்ட் அடித்தாயா என்றார். அடித்தேன், நேராகப் புடவை மேலேயே. அசல் ஜரிகை என்றால் பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது, சென்டும் வியர்வையும் பட்டால் வெள்ளி கறுத்துவிடுமாம். அதற்கு அவரிடம் வைத்தியம் இல்லை. இனிமேல் சென்டை உடம்பில் அடித்து, காய்ந்த பிறகு புடவை கட்டு என்றார்.

துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால்தான் இந்தப் பேட்டைக்கு அந்தப் பேரே வந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கப்பல் ஏறப்போகும் துணியெல்லாம் இந்தப் பக்கம்தான் வெளுத்ததாம். பள்ளிக்கூடத்தில் படித்தது. அவர் கறையைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

சரி, காசு. பட்டுப்புடவை டிரைவாஷ் 300, ரோல் பாலிஷ் (புடவையை உருளையில் இழுத்து மொடமொடப்பாக்குவது) தனியாக 120, கறைக்கு மேற்கொண்டு 150. ஜாக்கெட்டுக்கு 80. மொத்தம் 650 ரூபாய், பாதியை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஆப், பில் எதுவும் இல்லை, ஒரு சின்ன மஞ்சள் டோக்கன்தான், என்னுடையது 418. ஐந்து நாள் என்றார்கள். ஆனது பதினோரு நாள். இரண்டு தடவை ஆபீஸ் முடிந்து வழியில் இறங்கி ஏமாந்து திரும்பினேன், போன் செய்தால் மருமகன் எடுக்க மாட்டார். அவசரத்துக்கு இது ஆகாது, அடுத்த வாரம் விசேஷம் இருந்தால் வேறு கடையைப் பாருங்கள்.

புடவை வந்தபோது வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். மடியில் கறை இருந்த இடம் எனக்குத் தெரியும், அதனால் எனக்குத் தெரிகிறது. டியூப் லைட்டில் சாய்த்துப் பிடித்தால் மற்ற இடத்தைவிடச் சந்தனம் ஒரு பிடி வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். என் மாமியாரிடம் கொடுத்து எங்கே கறை கண்டுபிடியுங்கள் என்றேன், கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் தேடி வேறொரு இடத்தைக் காட்டினார். அது பழைய பாயசக் கறையாம், 2015 வளைகாப்பில் பட்டது. இத்தனை நாள் எனக்கே தெரியாது.

பாலிஷ் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, புடவை அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது, கொசுவம் மடிக்கவே வராது. இன்னொரு தடவை கொடுத்தால் பாலிஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பெட்ரோல் வாடையும் இரண்டு நாள் இருந்தது. பிளாஸ்டிக் கவரைக் கழற்றி நிழலில் காற்றாட விட்டு, பழைய வேட்டியில் சுற்றித்தான் பீரோவில் வைத்தேன்.

அப்புறம் அந்த ஜாக்கெட். "புடவையோடு கட்டி வைத்தேனே" என்கிறார் பெரியவர், "இங்கே வரவே இல்லை" என்கிறார் மருமகன். டோக்கன் பின்னால் ஜாக்கெட் 1 என்று மருமகன் கையெழுத்திலேயே இருக்கிறது. காட்டியதும் தேடுகிறேன் என்றார். டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் பிரிட்ஜ் மேல் காந்தத்தில் குத்தி வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்து முறுக்கு டின்னில் இன்னும் நாலு முறுக்கு இருக்கிறது, சனிக்கிழமை போகும்போது பெரியவருக்குக் கொண்டு போகிறேன். ஜாக்கெட் கிடைத்தால் கொடுப்பேன்.