ஸ்கைரிம்: கடைக்காரர் தலையில் ஒரு வாளி

ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டில், ரிவர்வுட் என்ற சின்ன ஊரில் லூக்கன் ஒரு கடை வைத்திருக்கிறார். முதல் தடவை உள்ளே போகும்போது அவரும் அவர் சகோதரி கமில்லாவும் வாக்குவாதத்தில் இருப்பார்கள். கடையிலிருந்த தங்க நகம் ஒன்று திருடுபோயிருக்கிறது. அப்படி நொந்துபோன மனிதரின் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்று அலமாரியைக் காலி செய்யலாம். வாளி ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார். கமில்லா அங்கேயே நின்றால் அவருக்கும் ஒரு பாத்திரம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

2011 நவம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். இதைக் கோளாறு என்று சொல்ல மனசு வரவில்லை. ஒருவர் கண்ணுக்கும் நமக்கும் நடுவே ஏதாவது மறைத்தால் அவர் பார்க்கவில்லை என்பது இந்த உலகத்தின் விதி. சுவர் மறைக்கும், வாளியும் மறைக்கும். நேர்மையான கணக்கு!

ராட்சதன் கதையும் அப்படித்தான். அவன் மாமூத் மேய்க்கும் இடத்துக்கு ஆரம்ப லெவலில் போய் வம்பிழுத்தால், கதாயுதத்தால் ஒரே போடு. நம் ஆள் மேகத்தைத் தாண்டிப் பறப்பான். சாவதற்கு இதைவிட நல்ல வழி எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் என் செல்லம் மருந்து காய்ச்சுவதுதான். உப்பையும் அபிசியன் லாங்ஃபின் என்ற மீனையும் சேர்த்தால் (கருவாடு என்றுதான் எனக்குத் தோன்றும்) ரெஸ்டொரேஷன் என்ற குணப்படுத்தும் மந்திர வித்தையைக் கூட்டும் மருந்து கிடைக்கும். மந்திரம் ஏற்றிய உடைகளின் பலனையும் அந்த வித்தையின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். எனவே மருந்தைக் குடித்து, மருந்துத் திறன் கூட்டும் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினால் கையுறையின் பலம் ஏறும். அந்தப் பலத்தில் இன்னொரு குப்பி காய்ச்சினால் அது முந்தையதைவிட வீரியமானது. குடி, கழற்று, மாட்டு, காய்ச்சு. கொஞ்ச நேரத்தில் ஒரே அடியில் டிராகன் விழும். பேராசைப்பட்டு இன்னும் ஏற்றினால் எண் தலைகீழாகி மைனஸில் போய் நிற்கும், அல்லது விளையாட்டே மூடிக்கொள்ளும்.

குறை இல்லையா என்றால், நிறைய. வாள் சண்டையில் கனமே இல்லை; தெர்மாகோலை வெட்டுவது போல இருக்கும். மையக் கதை சுமார். துணைக்கு வரும் லிடியா சரியாக வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். விண்ட்ஹெல்ம் நகரத்துக் கொலை வழக்கு பாதியில் முட்டிக்கொண்டு நிற்பது பிரசித்தம்; அந்த மாதிரிக் கோளாறை மட்டும் என்னால் ரசிக்க முடியாது.

புதிதாக வாங்குபவர்களுக்கு 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் போதும். 64 பிட் என்பதால் பழையதைவிட நிலையாக ஓடும். கோளாறுகளைத் திருத்த ரசிகர்களே செய்த அன்அஃபிஷியல் பேட்ச் ஒன்று உண்டு, பெரிய உழைப்பு. ஆனால் அது அந்த மருந்து வித்தையையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அதனால் முதல் ஆட்டத்தில் போடாதீர்கள். அப்புறம், அடுப்பைப் பற்றவைக்கும் முன் தனியாக ஒரு சேவ் எடுத்து வையுங்கள்.