ஹாகி மாட்சாக் கிண்ணம்: பல வருட உபயோகத்துக்குப் பிறகு

மாட்சாவுக்கு (ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியை அடித்துக் குடிக்கும் தேநீர்) ஹாகிக் கிண்ணம், அதாவது ஜப்பானின் ஹாகி ஊர்ப் பாணி மண்கிண்ணம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2 கிராம் பொடி, 70 மில்லி வெந்நீர், சாசென் என்ற மூங்கில் மத்தால் அடித்து நுரை எழுப்புவது எல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம். அதனால் நேராக எனக்குப் பிரச்சினையாக இருக்கும் ஒன்றுக்கு வருகிறேன். ஈரம்.

ஹாகிக் கிண்ணம் தண்ணீரைக் குடிக்கும். ஹாகி இருக்கும் யமாகுச்சி மாநிலத்தின் தாய்தோ என்ற களிமண்ணை அதிகச் சூடு ஏற்றாமல் சுடுவதால் மண் முழுதாக இறுகுவதில்லை. மேலே பூசிய கண்ணாடிப் பூச்சு ஆறும்போது மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கி, உள்ளும் புறமும் மயிரிழை விரிசல் விடுகிறது. தேநீர் அந்த வழியாக உள்ளே இறங்கி, பூச்சு இல்லாத அடிவளையத்தில் வெளியே வரும். என் மர மேசையில் இன்னும் ஒரு வட்டக் கறை இருக்கிறது. விற்ற கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் மட்டும், உபயோகிக்க உபயோகிக்கக் கசிவு நின்றுவிடும் என்று ஒரு வரி.

அது உண்மைதான், நின்றது. தேநீர்ப் படிவே துளைகளை மெல்ல அடைத்துவிடுகிறது. வாங்கியதும் அரிசி களைந்த தண்ணீரில் கிண்ணத்தை வைத்து, மெல்லிய தீயில் காய்ச்சி, அதிலேயே ஆறவிட்டால் சீக்கிரம் நிற்கும். நம் வீடுகளில் புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குகிறோமே, அதே வேலைதான்.

ஆனால் கசிவு நின்ற பிறகும் மண்ணுக்குள் போன ஈரம் போவதில்லை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலவே இருக்கும். நம்பி, கிரி என்ற இலேசான மரத்தாலான பெட்டியில் வைத்து மூடினால், அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சை வாடை. ஜூன், ஜூலையில் ஜப்பானில் ட்சுயு மழை பிடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம். நான் இருக்கும் யோகோஹாமாவில் துணியே காயாது, கிண்ணம் எப்படிக் காயும்? குடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும், அப்போதுதான் மண் முதலில் நல்ல தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குடித்த பின் சோப்பு போடாமல் அலச வேண்டும், சோப்பும் உள்ளே போகும். அப்புறம் கவிழ்த்து, காற்றுப்படும் இடத்தில் நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். காலையில் அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டு ஓடுகிறவருக்கு இதெல்லாம் சரிப்படுமா?

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கிண்ணத்தைப் போல எதையும் நான் ரசித்ததில்லை. வாங்கும்போது பிவா (லோக்வாட்) பழத்தின் வெளிர் ஆரஞ்சு நிறம். இப்போது விரிசல் கோடுகள் பழுப்பேறி, நான் வாய் வைக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு மங்கலான ரோஜா நிறம் பரவியிருக்கிறது. தேநீர்க்காரர்கள் இதை ஹாகியின் ஏழு மாற்றங்கள் என்கிறார்கள். பச்சை நுரை அந்த நிறத்தின் மேல் உட்காரும்போது கண் எடுக்க முடியாது. துளையுள்ள மண் சூட்டை மெதுவாகத்தான் கடத்துகிறது. இரண்டு கைகளிலும் ஏந்தினால் சுடுவதில்லை, தேநீரும் சட்டென்று ஆறுவதில்லை. விளிம்பு உதட்டுக்கு அவ்வளவு மென்மை.

இந்த மென்மை தற்செயல் இல்லை. 1592 முதல் 1598 வரை, அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியா மீது நடத்திய படையெடுப்புகளின்போது அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியின் பிரபு மோரி தெருமோதோவின் ஆட்சியில் ஹாகியில் சூளை வைத்தவர்கள் அப்படி வந்த சகோதரர்கள் இருவர். இளையவர் 1625-இல் கோரைசாயெமோன் என்ற பட்டம் பெற்றார். அவர் வழிவந்த சாகா குடும்பத்தில் அந்தப் பெயர் வழிவழியாக வந்தது. ஊரை விட்டு இழுத்துவரப்பட்டவர்களின் கைவேலை இது என்பதை நான் மறப்பதில்லை. அன்றைய தேநீர்க்காரர்கள் விரும்பியது கொரியக் கிண்ணங்களின் இந்த இளகிய மண்ணைத்தான். தேநீர்க் கிண்ண வகைகளில் ராகு முதல், ஹாகி இரண்டாவது, காராட்சு மூன்றாவது என்று அவர்கள் வரிசை சொல்வார்கள். ஈரத்தை இழுக்காத மண்ணாக இருந்தால் நிறமும் மாறாது.

சரி, நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். முதல் கிண்ணம் மினோ அல்லது செத்தோ என்ற ஜப்பானிய மண்பாண்டப் பகுதிகளில் செய்த, நன்றாகச் சுட்ட கிண்ணமாக இருக்கட்டும். உள்ளகலம் 12 செ.மீ. இருந்தால் சாசென் தாராளமாக அசையும். கழுவித் துடைத்து அன்றே அலமாரியில் வைத்துவிடலாம். மழை விடாத இந்த வாரத்தில் எனக்கு வேறு பதில் வரவில்லை. அக்டோபரில் கேட்டிருந்தால் ஹாகி என்றே சொல்லியிருப்பேன். அப்படியும் ஹாகிதான் வேண்டும் என்றால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றதில் குடிக்கலாம். பெட்டிகளை மட்டும் மழைக்காலம் முடியும்வரை மூடாதீர்கள்.