தானாக வந்த விளக்கமா, கையால் எழுதிய விளக்கமா? செம்பனைக் கணக்கில் ஏஐ முகவருக்குக் கருவி கொடுத்த அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஊத்தான் மெலிந்தாங்கில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வாங்கும் நிலையமொன்றின் கணக்கு மென்பொருளைக் கவனித்து வருகிறேன். வாட்ஸ்அப் புலனத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் ஏஐ முகவரை அமைத்தோம். அது எங்கள் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், மென்பொருளின் ஒவ்வொரு வசதியையும் பெயர், விளக்கம், உள்ளீடுகள் ஆகியவற்றோடு ஒரு கருவியாக அதற்கு அறிமுகப்படுத்த வேண்டும். அந்த விளக்கத்தைப் பெற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டையும் செய்து பார்த்த பிறகு, கையால் எழுதும் வழியிலேயே நிலைத்துவிட்டேன்.

முதல் வழி, மென்பொருளின் வசதிகளைக் கணினி படிக்கும் வடிவில் பட்டியலிட்டு அதோடு வரும் ஓப்பன்ஏபிஐ ஆவணத்தை அப்படியே கருவிப் பட்டியலாக மாற்றிவிடுவது. ஸ்வாகர் என்று தொடங்கி 2016இல் பெயர் மாறிய அந்த வரையறையில், எங்கே எந்த உள்ளீட்டை அனுப்ப வேண்டும் என்பது ஒழுங்காக இருக்கும். ஒரே பிற்பகலில் 43 கருவிகள் கிடைத்தன. இரண்டாம் வழி, மக்கள் உண்மையில் கேட்பவற்றுக்குத் தேவையான 7 கருவிகளை மட்டும் நானே எழுதுவது. இதற்கு இரண்டு வாரம் பிடித்தது. ஏஐ முகவர்களை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வழியாகத்தான் இரண்டையும் இணைத்தேன் என்பதால், இணைப்பு முறையில் வேறுபாடு இல்லை.

வேகத்தில் முதல் வழி முந்துகிறது. எங்கள் அமைப்பில் எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் ஒவ்வோர் உரையாடலிலும் முகவரை இயக்கும் மொழி மாதிரிக்குள் செல்வதால், கருவிகள் குறைந்த இரண்டாம் வழி செலவில் முந்துகிறது. இவற்றில் பேச அதிகமில்லை; என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான்.

தானாக உருவாகும் ஆவணம் நிரலோடு சேர்ந்தே மாறும், ஆகவே பழையதாகாது என்பார்கள். வடிவத்தில் அது உண்மை, பொருளில் அப்படியில்லை. எங்கள் எடைச் சீட்டில் குலையோடு லோரியின் எடை, வெறும் லோரியின் எடை, இரண்டின் வித்தியாசம் என்று வரிசையாக இருக்கும். பழுக்காத குலைக்கும் நீளக் காம்புக்கும் கழித்த பிறகு கடைசி வரியில் நிற்பதே பணம் கொடுக்கும் எடை. ஆவணத்திலோ ‘வெயிட்’ என்ற ஒரு புலமும், அது ஓர் எண் என்ற குறிப்பும் மட்டுமே இருந்தன. “தங்கச்சி, போன வாரம் ஏத்துன குலைக்கு எவ்வளவு வரும்?” என்று ஒரு பெரியவர் கேட்டபோது, முகவர் கழிவுக்கு முந்திய எடையை எடுத்துப் பெருக்கிச் சொல்லிவிட்டது. கைப்பேசியும் சீட்டுமாக வந்து நின்ற அவரிடம் கடைசி வரியைக் காட்டி விளக்கியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கருவி ஒரு பிழையும் காட்டவில்லை என்பதே இதில் ஆபத்து.

ஆகவே கையால் எழுதிய என் விளக்கத்தில், இது கழிவுக்குப் பிந்திய எடை, கிலோவில், தேதி என்பது குலை அறுத்த நாள் அல்ல, எடை போட்ட நாள் என்று எழுதினேன். கழிவைப் பலர் மலாயில் ‘பொத்தோங்கான்’ என்றே கேட்பதால் அச்சொல்லும் அங்கே உண்டு. ‘400’ என்று மட்டும் வந்த பிழைச் செய்தி, ‘இந்த எண்ணில் சீட்டு இல்லை, ஆறு இலக்கத்தைச் சரிபார்’ என்று மாறியதும், முகவர் தவறான எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்புவது நின்றது.

கையால் எழுதியதும் பழையதாகும். ஒரு புதுப்பிப்பில் எடை டன்னுக்கு மாறியது. என் விளக்கம் கிலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கொடுத்தவை, பழைய கேள்விகளிலிருந்து நான் தொகுத்து, சீட்டுகளை வைத்து விடை எழுதிய 60 சோதனைக் கேள்விகள். மென்பொருளோ மாதிரியோ மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டுகிறேன். ஒருமுறை சரியாக வந்ததை நம்ப முடியாது: ஏஐ முகவர்களை மதிப்பிட 2024இல் வெளியான டௌ-பெஞ்ச் சோதனையின் சில்லறை வணிகப் பிரிவில், ஒரே பணியை எட்டு முறையும் சரியாக முடிக்கும் விகிதம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு 25 விழுக்காட்டுக்கும் கீழேதான் இருந்தது.

இதே கேள்விகளை முதல் வழியிலும் ஓட்டினேன். தவறுகள் தெரிந்தன, திருத்தத்தான் இடமில்லை. ஆவணம் மென்பொருளை விற்றவரின் கையில் இருந்ததால், நான் சேர்த்த வரிகள் அடுத்த பதிப்பில் அழிந்துபோயின. நிரலும் ஆவணமும் தம் கையிலேயே இருப்பவர்களுக்கு இந்தக் குறை பெரிதாக இராது.

என் அனுபவம் படிக்க மட்டும் செய்யும் 7 கருவிகளோடு நிற்கிறது. நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள நிறுவனத்தில் எல்லாவற்றையும் கையால் எழுதுவது கட்டுப்படியாகாமல் போகலாம். அங்கே தானாக வந்ததை அடிப்படையாக வைத்து, அதிகம் கேட்கப்படுபவற்றை மட்டும் திருத்துவதே நடக்கக்கூடியது. பணப் பட்டுவாடாவைப் பதியும் கருவியை நான் இன்னும் முகவரிடம் கொடுக்கவில்லை. அதற்கான சோதனைக் கேள்விகளை இப்போதுதான் சீட்டுப் பெட்டியிலிருந்து திரட்டத் தொடங்கியிருக்கிறேன்.