ட்வின் பிளாக், பயோனேட்டர், ஹெர்ப்ஸ்ட்: கீழ்த்தாடை பின்னாடி இருக்குற பசங்களுக்கு எது சரி?

என் பொண்ணுக்கு அப்போ 11 வயசு, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல 9 மில்லிமீட்டர் இடைவெளி. நாங்க எத்துப்பல்னுதான் நெனச்சிட்டு இருந்தோம், டாக்டர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு மேல்பல்லு தப்பில்ல, கீழ்த்தாடைதான் பின்தங்கி நிக்குதுன்னு சொன்னாங்க. இந்த மாதிரி பசங்களுக்கு குடுக்குற கருவிகள் எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான், கீழ்த்தாடைய முன்னாடி தள்ளி வச்ச நிலையிலயே கடிக்க வைக்கிறது. எப்படி தள்ளி வைக்குதுங்கறதுலதான் வித்தியாசமே.

பழசுலேந்து வருவோம். ஆக்டிவேட்டர், ஆண்ட்ரேசன்ங்கற பல் டாக்டர் 100 வருஷத்துக்கு முன்னாடியே கொண்டு வந்தது, மேல் கீழ் ரெண்டுக்கும் சேத்து ஒரே கட்டி அக்ரிலிக், வாய்க்குள்ள லூசாதான் இருக்கும். பயோனேட்டர் அதோட ஒல்லியான தம்பி மாதிரி. ரெண்டுலயும் வாய மூடி கடிச்சாதான் வேலை நடக்கும், போட்டுட்டு சாப்பிட முடியாது, பேசுறதும் கஷ்டம், அதனால ராத்திரியும் வீட்டுல இருக்குற நேரமும்தான் போட முடியும். ஃபிராங்கல்னு ஒண்ணு இருக்கு, கன்னத்தையும் உதட்டையும் பல்லுலேந்து தள்ளி பிடிச்சிருக்கும், யோசனை அழகுதான் ஆனா வாய் நெறைய கம்பியும் அக்ரிலிக்கும், வளைஞ்சிட்டா சரி பண்றதும் லேசு இல்ல.

ட்வின் பிளாக் வேற மாதிரி. 1977ல ஸ்காட்லாந்துல வில்லியம் கிளார்க் செஞ்சது, மேலுக்கு ஒரு பிளேட் கீழுக்கு ஒரு பிளேட், ரெண்டுலயும் சாய்வா ஒரு கட்டை, வாய மூடும்போது கீழ்க்கட்டை மேல்கட்டைக்கு முன்னாடி போய்தான் உக்கார முடியும். தனித்தனியா இருக்கறதால பேசலாம், சாப்பிடவும் பழகிக்கலாம், நாள் முழுக்க போட முடியும், எனக்கு இதோட பெரிய பலமே இதுதான். ஆனா முதல் வாரம் பாவம் அவளுக்கு, எச்சில் ஒழுகும், 'ச' வரவே வராது, தினமும் பத்து நிமிஷம் சத்தமா படிக்க வச்சோம், ஒரு வாரத்துல நாக்கு வழி கண்டுபிடிச்சிருச்சு. இன்னொண்ணு, சுடுதண்ணில கழுவாதீங்க, அக்ரிலிக் வளைஞ்சிரும். டிஷ்யூல சுத்தி வச்சா குப்பைக்குதான் போகும், எங்க வீட்டுல ஒரு தடவை அப்படித்தான் போச்சு, அதுலேந்து டப்பா இல்லாம வாயிலேந்து எடுக்கவே கூடாதுன்னு ரூல்.

கழட்டவே முடியாததுன்னா ஹெர்ப்ஸ்ட், பல்லுல ஒட்டிருவாங்க, ரெண்டு பக்கமும் குழாய்க்குள்ள குழாய் மாதிரி ஒரு கம்பி தாடைய முன்னாடியே பிடிச்சு வச்சிருக்கும். இங்கிலாந்துல 215 பசங்கள வச்சு ஹெர்ப்ஸ்டையும் ட்வின் பிளாக்கையும் ஒப்பிட்டு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு, ட்வின் பிளாக் போட்டவங்கள்ல மூணுல ஒருத்தர் பாதியிலயே விட்டுட்டாங்க, ஹெர்ப்ஸ்ட்ல 13 சதவீதம்தான். ஆனா ஹெர்ப்ஸ்ட் உடைஞ்சா கழண்டா உடனே கிளினிக்குக்கு ஓடணும், அதுவும் நெறைய நடக்குது. சொல்லி சொல்லியும் போடவே மாட்டேங்கற பிள்ளைன்னா ஹெர்ப்ஸ்ட், கொஞ்சம் பொறுப்பா இருக்குற பிள்ளைன்னா ட்வின் பிளாக், ராத்திரி மட்டும் போட்டா போதும்னு டாக்டரே சொல்ற லேசான கேஸ்னா பயோனேட்டர், நான் இப்படித்தான் பிரிப்பேன்.

ஒண்ண மட்டும் பெத்தவங்க தெரிஞ்சுக்கணும், இது எதுவுமே தாடைய பெருசா இழுத்து வளத்துடாது. இடைவெளி குறையறதுல பெரும்பங்கு மேல்பல் உள்ள சாயறதும் கீழ்பல் வெளிய சாயறதும்தான், எலும்பு மாற்றம் கொஞ்சம்தான். அதனால 8 வயசுலயே அவசரப்பட வேண்டியதில்ல, சீக்கிரம் ஆரம்பிச்சா கெடைக்கற தெளிவான லாபம் விழுந்து முன்பல் உடையற வாய்ப்பு குறையறதுதான், ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கன்னு பிள்ளை சுருண்டு போறதும் ஒரு நியாயமான காரணம். மத்தபடி உயரம் சட்டுனு கூடற வயசுதான் நல்ல நேரம், பொண்ணுங்களுக்கு அது பசங்களவிட ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துரும்.

நாங்க ட்வின் பிளாக்தான் எடுத்தோம். 9 மாசத்துல இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு வந்துச்சு, ஆனா கட்டை இருந்த எடத்துல பின்பல்லு ரெண்டும் ஒட்டாம சந்து விட்டு நின்னுச்சு, பயந்துட்டோம், டாக்டர் மேல்கட்டைய ஒவ்வொரு விசிட்லயும் கொஞ்சம் கொஞ்சமா சீவ ஆரம்பிச்சாங்க, கீழ்ப்பல்லு தானா மேல ஏறி வந்து சேந்துருச்சு. இப்போ ராத்திரி மட்டும் போடறா.