டிடிஎஸ் பேனா மீட்டர்: எதற்கு வாங்கலாம், எதற்கு நம்பக் கூடாது

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டிடிஎஸ் என்கிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனா மீட்டரை, உப்பை வடிகட்டும் ஆர்ஓ மிஷின் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் தண்ணீர் சுத்தமா என்று அதனிடம் கேட்காதீர்கள். அதற்குத் தெரியாது.

முனையில் உள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான். உப்பு கூடினால் எண் கூடும். ஈயமும் ஆர்செனிக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் தாண்டினாலே தவறு என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500. மீட்டரின் மிகச் சிறிய அளவே 1 மில்லிகிராம். அதனால் அவை அதன் கண்ணில் படாது. கிருமியும் அப்படித்தான்.

சென்னைக்கு இது ரொம்ப முக்கியம். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் விட்டு விட்டு வருவதால், அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் விட்ட குழாய் பக்கத்துச் சாக்கடை நீரை உறிஞ்சிக்கொள்ளும். 400 பிபிஎம் (லிட்டருக்கு 400 மில்லிகிராம்) குடிநீரில் 900 பிபிஎம் சாக்கடை நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால், மீட்டர் காட்டுவது 410. யாருக்கும் சந்தேகம் வராது. வயிற்றுப்போக்குக்கு அந்த இரண்டு பங்கு போதும்.

வாங்கும்போது வெப்பநிலைக்கு ஏற்பத் தானே சரிசெய்யும் வசதியும், அளவைத் திருத்தும் சின்னத் திருகும் இருக்கிறதா என்று பாருங்கள். திருகு இல்லாததைத் தொடவே வேண்டாம். நாளடைவில் எண் பிசகும், திருத்த வழியிருக்காது. வீட்டிலேயே சரிபார்க்கலாம்: 1 லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் 5 கிராம் உலர்ந்த தூள் உப்பைக் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து, மறுபடியும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி 1 லிட்டர் ஆக்குங்கள். 500-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். விலை குறைந்த மீட்டர்களில் எண் 999-ஐத் தாண்டியதும் ஓரத்தில் ‘x10’ மின்னும். திருவான்மியூர் பக்கத்து போர் தண்ணீரில் 145 என்று பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அது 1450 ஆக இருக்கலாம்.

மீட்டர் தன் விலைக்கு உழைப்பது ஆர்ஓவில் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனைக் கண்காணிப்பதில்தான். உள்ளே போவது 900, வெளியே வருவது 60 என்றால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. வெளியே 180-ஐத் தாண்டினால் மாற்றும் காலம். அதற்கு முன் இரண்டு விஷயம். இரவு முழுக்க நின்ற மிஷினில் முதல் தண்ணீர் எப்போதுமே கூடுதலாகக் காட்டும். ஒரு லிட்டர் விட்டுவிட்டு அளக்க வேண்டும். டிடிஎஸ் கன்ட்ரோலர் வால்வு திறந்திருந்தால் வடிகட்டாத தண்ணீர் கலந்து எண் ஏறும். அதை மூடி அளந்து பார்க்காமல் மெம்பிரேனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அபார்ட்மென்ட் வாசலில் ஆர்ஓ விற்பனையாளர் குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் என்று இரண்டு டம்ளரில் மின்சாரம் பாயும் கம்பிகளை விட்டு, குழாய்த் தண்ணீரைச் சேறு போலப் பழுப்பாக்கிக் காட்டுவார். அந்தப் பழுப்பு கரைந்த இரும்புக் கம்பியின் துரு. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அந்த டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். குழாய்த் தண்ணீர் 500-க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்ஓ தேவையில்லை. கிருமிக்கு யூவி (புற ஊதா ஒளி) மிஷினோ கொதிக்க வைப்பதோ போதும்.

கிருமியைக் கண்டுபிடிக்க வேறு கருவிகள் உண்டு. குளோரோஸ்கோப் என்ற குளோரின் சோதனைக் கருவியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் வரும் மஞ்சள் நிறம், மீதமுள்ள குளோரினைச் சொல்லும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் வேண்டும். மலக் கிருமியைச் சோதிக்கும் எச்2எஸ் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, நேர் வெயில் படாமல் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக் கிருமி கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். போர் தண்ணீரில் அழுகிய முட்டை வாடை ஏற்கனவே இருந்தால் மட்டும் இந்த முடிவை நம்ப முடியாது. பாட்டில் கறுத்துவிட்டால் சம்ப்பை மூடிவிட்டு, மெட்ரோ வாட்டரின் 1916-க்குச் சொல்லி, தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அதுவரை குடிப்பதற்கு நன்றாகத் தளதளவெனக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்.