ஐந்தடி உயரத்துக்கு அடித்துத் தந்த மண்வெட்டி: ஒரு மார்கழி முழுக்கத் தோண்டிய பிறகு

மேலூர் வட்டாரத்தில் ஒரு கொல்லர் பட்டறையில் கார்த்திகைக் கடைசியில் சொல்லி அடித்து வாங்கிய மண்வெட்டி இது. இரும்பும் கணையும் சேர்த்து 950 ரூபாய். கணை என்றால் காம்பு, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மழையால் விட்டுப்போன நாட்கள் போக, சனி ஞாயிறும் பொங்கல் லீவுமாக 15 காலை இதை வைத்துத் தோண்டியிருக்கிறேன். மொத்தம் 2 சென்ட், அதாவது ஏறத்தாழ 870 சதுர அடி, ஒரு அடி ஆழத்துக்கு. வாங்கிய மறுநாளே நட்சத்திரம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

இடம் அழகர்கோயில் சாலையில், மலை நன்றாகத் தெரிகிற தூரத்தில். ஒரு விவசாயக் குடும்பத்திடம் 3 சென்ட் மட்டும் வருஷ வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். மூன்று வருஷமாக யாரும் தொடாத செம்மண். மேலே அருகும் கோரையும், ஓரத்தில் வெட்டிப் போட்ட சீமைக்கருவேலத்தின் வேர். மாடித் தொட்டியில் ஆறு வருஷம் கீரை போட்ட தைரியத்தில் இறங்கிவிட்டேன், தொட்டி மண்ணுக்கும் தரை மண்ணுக்கும் இருக்கிற தூரம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதலில் நகருக்குள் ஒரு ஹார்டுவேர் கடையில் 420 ரூபாய்க்கு ஒரு மண்வெட்டி வாங்கினேன். பச்சைப் பெயின்ட் அடித்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது நாள் வேரில் பட்டு முனை மடங்கியது, நாலாவது நாள் கணை நுழைகிற வளையத்தில் வெல்டிங் விட்டுப்போனது. கொண்டுபோய்க் காட்டினால், கல்லில் கொத்தியிருப்பீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசைக்கூட விடலாம், ஆனால் அந்த நாலு நாளும் இடுப்பு வலியில் நிமிர முடியாமல் கிடந்ததற்கு நான்தான் காரணம், எனக்கு உடம்பில் வலு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பட்டறையைக் காட்டியது நிலத்துக்காரர் வீட்டு அப்பத்தா. கொல்லர் துருத்திக்குப் பதில் இப்போது மோட்டார் காற்றாடி வைத்திருக்கிறார், மற்றபடி உலையும் சம்மட்டியும் அப்படியே. அடையாளம் போட வேண்டாம், வருகிற வேலையே செய்து முடியவில்லை என்று அவரே சொன்னதால் ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். மேலூர் மட்டுமில்லை, மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு பட்டறை இன்னும் இருக்கும், விசாரித்தால் போதும். அரிவாளுக்குத் திருப்பாச்சேத்தி வரை போகிறவர்கள் நாம், மண்வெட்டிக்கு மட்டும் ஏன் கடையில் தொங்குகிறதை எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று தெரியவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டார். எனக்குத்தான் அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கணையைக் கையில் கொடுத்து, வெட்டுகிற மாதிரி குனிந்து நிற்கச் சொன்னார். கை எங்கே வருகிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தார். "ஆம்பளைக்கு அடிச்ச மம்பட்டியப் பொம்பளை பிடிச்சா இடுப்புதான் தாயி கூலி குடுக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே 950 ரூபாய் தகும்.

அவர் செய்தது இரண்டு காரியம். ஒன்று, தகட்டின் அகலத்தைக் குறைத்தார். அகலம் குறைந்தால் ஒரு வெட்டில் வருகிற மண் குறைவு, ஆனால் அதைத் தூக்கிப் புரட்டுகிற பாரமும் குறைவு, ஐந்நூறு தடவை தூக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். இரண்டாவது, தகடும் கணையும் சேருகிற கோணத்தைக் கொஞ்சம் குறுக்கி வைத்தார். உயரமானவர் வெட்டும்போது கணை சாய்வாக நிற்கும், தகடு மண்ணில் நேராக இறங்கும். என்னைப் போல ஐந்தடி ஆள் அதே மண்வெட்டியைப் பிடித்தால் கணை கிட்டத்தட்டப் படுத்துவிடும், தகடு இறங்காமல் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நம் கால் பக்கம் வரும். சுரண்டுகிறதை ஈடுகட்ட நாம் இன்னும் ஓங்கிப் போடுவோம், போச்சு இடுப்பு. இது எனக்கு யாரும் சொல்லித் தராத விஷயம். முனையைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி உரமேற்றித் தந்தார். கணை நாட்டுக்கருவேலம்.

சரி, தோண்டின கதைக்கு வருகிறேன். மண்வெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாள் பார்க்காமல் இறங்கினால் பிரயோஜனம் இல்லை. வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஐப்பசி கார்த்திகையில் குடித்த தண்ணீர் மண்ணுக்குள் நிற்கிற காலம் மார்கழி, சித்திரையில் கடப்பாரை போட்டாலும் டங்கென்று சத்தம் வருகிற அதே செம்மண் அப்போது இறங்கிக் கொடுக்கும். ஆனால் மழை விட்ட மறுநாளே ஆசையாகப் போய் வெட்டினேன், அப்பத்தா வரப்பிலிருந்தே சத்தம் போட்டார். "ஈரத்துல மிதிக்காதடி, கட்டி தட்டிப் போகும்." கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நான் புரட்டிய இடம் முழுக்கச் செங்கல் மாதிரி கட்டி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாக அடித்து உடைக்க வேண்டியிருந்தது. ஈர மண்ணை மிதித்தால் அதில் காற்றுப் போகிற சந்தெல்லாம் அடைபட்டுவிடும், அப்படியே காய்ந்தால் இறுகிப்போகும். அப்பத்தா காட்டிய வழி இதுதான்: நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். சப்பையாக ஒட்டிக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. எங்கள் நிலத்தில் நல்ல மழைக்குப் பிறகு மூன்று நாள் ஆனது.

பதம் வந்த மண்ணில் இந்த மண்வெட்டி இறங்குகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே அலாரம் இல்லாமல் எழுந்தேன். மார்கழியில் ஆறரைக்குத்தான் சூரியன் வரும், அதற்கு முன்னால் மலையடிவாரம் முழுக்கப் பனி, தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி. ஸ்வெட்டரோடு ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷத்தில் கழற்றிவிடுவேன். கோடையில் ஏழரைக்கெல்லாம் வெயில் முதுகைப் பிடிக்கும், மார்கழியில் ஒன்பதரை வரை நின்று வெட்டலாம். புரட்டிய மண்ணிலிருந்து வருகிற வாசனை, ஒவ்வொரு கட்டியிலும் நெளிகிற மண்புழு, அதைப் பார்த்துவிட்டு இரண்டடி தூரத்தில் வந்து நிற்கிற உண்ணிக்கொக்கும் மைனாவும். மூன்றாவது வாரம் ஒரு மைனா கணை மேலேயே வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நான் வேலையே செய்யவில்லை, அது பறக்கிற வரைக்கும் அசையாமல் இருந்தேன்.

கஷ்டம் கோரையில்தான். குளிர்காலத்தில் தோண்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரியாமல் நான் அதை வளர்த்துவிட்டேன். கோரைக்கிழங்குகள் மண்ணுக்கடியில் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு கிடக்கும். சங்கிலி முழுசாக இருக்கும்வரை அதில் பாதிக் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியால் துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். பங்குனி சித்திரையில் புரட்டிப் போட்டால் மேலே வந்த கிழங்கு வெயிலில் காய்ந்து செத்துப்போகும், மார்கழியின் ஈரத்திலும் பனியிலும் அது சாகாது, பத்து நாளில் பச்சைப் பசேலென்று நிற்கும். அதனால் கோரை மண்டிய இடத்தில் இந்த மண்வெட்டியை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எடுக்காதீர்கள். நாலு பல் வைத்த ஃபோர்க் இருந்தால் அதைக் குத்தி நெம்பித் தூக்கி, கிழங்கை அறுக்காமல் கையால் பொறுக்குங்கள். ஒரு பாத்திக்கு ஒரு காலை முழுசாகப் போகும். நான் மிச்சம் 1 சென்ட்டைத் தொடாமல் கோடைக்கு விட்டுவைத்திருப்பது இதனால்தான்.

சீமைக்கருவேல வேரில் மட்டும் மண்வெட்டி தன்னைக் காட்டியது. பெருவிரல் தடிமன் வரை ஒரே போடு. அதற்கு மேல் கடப்பாரையும் கோடாலியும்தான், மண்வெட்டியை நெம்புகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார். முனையில் ஒரு இடத்தில் மட்டும் லேசாகப் பல் விழுந்திருக்கிறது, அது கல். அரத்தால் இழைத்ததும் சரியாகிவிட்டது.

திருமங்கலம் பக்கம் ஒரு தோழிக்குக் கரிசல் நிலம் இருக்கிறது. அங்கேயும் ஒரு நாள் கொண்டுபோய்ப் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், பதமாக இருக்கிற நாட்கள் செம்மண்ணைவிடக் குறைவு. மண் தகட்டில் அப்பிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, பத்து வெட்டுக்கு ஒரு தடவை குச்சியால் வழித்துப் போட வேண்டியிருந்தது. தகட்டில் சம்மட்டி பட்ட தழும்பெல்லாம் இருப்பதால் வழுவழுப்பான கடை மண்வெட்டியைவிட இதில் அதிகமாகவே ஒட்டுகிறது. கரிசல்காரர்கள் வாங்குவதானால் தகட்டை நன்றாகச் சாணை பிடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு குறை. துரு ரொம்பச் சீக்கிரம் பிடிக்கிறது. ஒரு ராத்திரி பனியில் வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன், காலையில் சிவப்பாக இருந்தது. இப்போது வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துப் பழைய தேங்காய் எண்ணெய் ஒரு கை தடவி வைக்கிறேன். அடுத்தது கணை. மார்கழி முழுக்க கிண்ணென்று நின்றது தை பிறந்து காற்று காய ஆரம்பித்ததும் ஆட ஆரம்பித்தது. மரம் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். திரும்பக் கொண்டுபோனதும் எதுவும் கேட்காமல் கழற்றி, புது ஆப்பு வைத்து இறுக்கித் தந்தார், காசு வாங்கவில்லை. இனி ஆடினால் தலைப்பக்கத்தைக் கால்மணி நேரம் தண்ணீரில் போட்டு வை, மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும் என்றார். அது வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை, மண்வெட்டிக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். குளிர் மாதங்களில் கண்ணாடி விரியன் நடமாட்டம் அதிகம், விடியற்காலைப் புல்லுக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள். நான் முட்டி வரை கம்பூட்டும் கையில் டார்ச்சுமாகத்தான் இறங்குவேன், வெட்டுவதற்கு முன்னால் கணையால் புல்லை நாலு தட்டுத் தட்டுவேன்.

தோண்டி முடித்த இடத்தில் மட்கிய சாணி எரு கலந்து எட்டுப் பாத்தி பிடித்தாயிற்று. தைப்பட்டத்துக்குக் கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் போட்டிருக்கிறேன். மயிலுக்குப் பயந்து பழைய சேலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். வெண்டை இரண்டிலை விட்டிருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்கள் பொங்கலுக்கு முன்னால் போகாதீர்கள், அரிவாளும் கத்தியும் சாணை பிடிக்க வருகிற கூட்டத்தில் அவருக்கு நம்மை நிற்கவைத்து அளவு பார்க்க நேரம் இருக்காது. மாசியில் போங்கள், வெறுங்கையோடு இல்லாமல் நீங்கள் இப்போது பிடிக்கிற மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு, அதன் கணையில் உங்கள் கை தேய்த்த இடத்தை அவர் பார்க்கட்டும். நானும் மாசி முதல் ஞாயிறு போகிறேன், அப்பத்தாவுக்கு ஒரு களைக்கொத்தி அடிக்கக் கொடுக்க. அவர் உயரம் என்னைவிட இரண்டு விரல் கம்மி.