எமல்ஷனுக்கென்று ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

போன வாரம் ஃப்ரிட்ஜுக்குத் தெர்மோஸ்டாட் மாற்றினேன். மெக்கானிக் கிளம்பிப் போன அதே நேரத்தில், புதிதாக ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்கப்போகிற நண்பர் ஒருவர் போன் செய்தார். "எமல்ஷன் வைக்க நானும் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். (ஃப்ரேமில் கட்டிய மெஷ் துணியில் பூசி, வெளிச்சம் காட்டி ஸ்டென்சில் எடுக்கிற திரவம்தான் எமல்ஷன். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தண்ணீரில் கழுவிப் போகும், மை அதன் வழியே இறங்கும்.) அப்போது இருந்த கோபத்தில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவும் பொறுமை இல்லை. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் இது, ஆகவே முழுசாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 50 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். பின்பக்கச் சுவரில் குளிர்த்தகடு, உள்ளே 1 முதல் 7 வரை எண் போட்ட ஒரு திருகு. எமல்ஷனைத் தவிர வேறு எதையும் அதில் வைத்ததில்லை. சாப்பிடுகிற, குடிக்கிற எதையும் ரசாயனம் இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. தண்ணீர் பாட்டில்கூட உள்ளே போனதில்லை.

நான் போடுவது டயஸோ என்கிற, வெளிச்சத்தில் எமல்ஷனை இறுக்கும் ரசாயனத்தைக் கலக்கிற டூயல் க்யூர் வகை எமல்ஷன். எக்ஸ்போஷர் டேபிள், அதாவது ஃப்ரேமுக்கு வெளிச்சம் காட்டும் மேஜை, பழைய யூவி டியூப் வைத்தது. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் டயஸோ பொறுத்துக்கொள்ளும் என்பதால் அதிலேயே நின்றுவிட்டேன். டயஸோ கலக்காத எமல்ஷன், நிழலான இடத்தில் மூடி வைத்தால் ஒரு வருஷம் அப்படியே இருக்கும். கலந்த நிமிஷத்திலிருந்து அதற்கு வயசாகத் தொடங்குகிறது. இருட்டறையிலேயே வைத்திருந்தாலும் டயஸோ மெல்ல மெல்லச் சிதையும், கூடவே எமல்ஷனை இறுக்கும். சிதையும்போது நைட்ரஜன் வாயு வெளியே வரும். நாள்பட்ட டப்பாவின் மூடி உப்பிக்கொண்டு நிற்பது அதனால்தான். இந்த வேலையை வேகப்படுத்துவது வெப்பம். கலந்த எமல்ஷன் சாதாரண அறைச் சூட்டில் நாலு முதல் ஆறு வாரம், ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வரை என்பது பொதுக் கணக்கு. அறை அனலாக இருந்தால் அந்த நாலு வாரத்தையும் நம்ப முடியாது.

ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் டப்பா என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. ஒரு தடவை, கலந்து ஐந்தாவது வாரம், மெல்லிய எழுத்துகள் திறக்கவே இல்லை. தண்ணீர் அடித்தால் பெரிய எழுத்து திறக்கும், சின்ன எழுத்துக்குள் சவ்வு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரஷரைக் கூட்டினால் ஓரம் பிய்ந்துவிடும். எழுத்து இருக்கிற இடத்தில் வெளிச்சத்தை மறைக்கும் பாசிட்டிவ் ஃபிலிமில் கருப்பு போதவில்லை என்று நினைத்தேன். பிறகு டியூப் மீது சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு மூத்த பிரிண்டர் சொன்ன சோதனைதான் கண்ணைத் திறந்தது. ஒரு ஃப்ரேமில் கோட்டிங் போட்டு இருட்டில் காயவிட்டு, எக்ஸ்போஸே பண்ணாமல் கழுவ வேண்டும். எமல்ஷன் நன்றாக இருந்தால் மெஷ் பூராவும் சுத்தமாகிவிடும். என் மெஷ்ஷில் பாதி அப்படியே நின்றது. வெளிச்சமே படாத எமல்ஷன், தானாகவே இறுகிப்போயிருந்தது. அந்த வாரமே ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

அதற்குப் பிறகு கிடைத்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கலந்த அன்றைக்கு ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை 21 படி ஸ்டெப் ஸ்கேல் (படிப்படியாகக் கருப்பு கூடும் ஃபிலிம் பட்டை) வைத்து எக்ஸ்போஷர் பார்ப்பேன். 7ஆம் படி வரைக்கும் எமல்ஷன் கழுவிப் போகாமல் நிற்க வேண்டும் என்பது என் அளவு. முதல் வாரத்தில் வைத்த நேரமே பத்தாவது வாரத்திலும் சரியாக வந்தது. என்னைப் போல் வாரத்துக்கு ஏழெட்டு ஃப்ரேம் மட்டும் போடுகிற கடைக்கு அது பெரிய விஷயம். ஒரு கிலோ டப்பா தீர்வதற்கு ஒரு மாதம் ஆகிறது. வேலை குறைந்த காலத்தில் இரண்டு மாதம்கூட ஆகும். முன்பெல்லாம் கடைசிக் கால் டப்பாவைத் தூக்கிப் போடுவது வழக்கமாகவே இருந்தது. இந்த ஆறு வருஷத்தில் வயசாகிவிட்டது என்று நான் கொட்டிய டப்பா ஒன்றுகூட இல்லை.

இனி என்னை ஆறு வருஷமாக அரித்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எமல்ஷனை உடனே பயன்படுத்த முடியாது.

இது வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, ஒவ்வொரு தடவையும் அதற்காகக் காத்திருப்பது வேறு. ஒரு கிலோ டப்பா அறைச் சூட்டுக்கு வர அரை நாள் பிடிக்கும். அதுவரை மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த எமல்ஷன் மேல் காற்றின் ஈரம் வேர்வையாகப் படியும். அந்தத் தண்ணீர் கலந்த இடம் நீர்த்து, கோட்டிங் அங்கே மெலிந்து, பின்ஹோலாக, அதாவது ஊசித்துளையாக வந்து நிற்கும். ஈரம் படியாவிட்டாலும் குளிர்ந்த எமல்ஷன் கெட்டியாக இருக்கும். எமல்ஷனை மெஷ்ஷில் பூசுகிற ஸ்கூப் கோட்டரில் இழுத்தால் பூச்சு தடிமனாக விழும், காய நேரம் எடுக்கும். வழக்கமான நேரத்துக்கு எக்ஸ்போஸ் செய்தால் வெளிச்சம் அடிவரை போகாது. மையைத் தள்ளுகிற ஸ்க்வீஜி ரப்பர் படும் பக்கம் வேகாமல் வழவழவென்று இருக்கும்.

இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம் 200 டி-ஷர்ட், மறுநாள் காலையில் வேண்டும் என்று வந்தார்கள். டப்பாவை எடுத்து முக்கால் மணி நேரம்தான் வெளியே வைத்தேன். கைக்கு ஜில்லென்று தெரியவில்லை, அதனால் திறந்துவிட்டேன். கையில் பட்டது டப்பாவின் தோல்தான், உள்ளே நடுவில் குளிர் அப்படியே இருந்திருக்கிறது. கழுவி முடித்தபோது பத்திருபது பின்ஹோல். எல்லாவற்றையும் ஃபில்லர் வைத்து அடைத்தேன். எண்பதாவது ஷர்ட்டில் ஸ்டென்சில் ஓரம் கரைந்து உதிர்ந்தது. வேறு ஃப்ரேம் போட்டு விடியும்வரை அடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளருக்குச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, பிரித்து வைப்பது. டயஸோ கலந்ததும் மூடியை லேசாக வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுவேன், குமிழெல்லாம் அடங்கிவிடும். மறுநாள் மஞ்சள் விளக்கில், வெளிச்சம் புகாத கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்களில் கால் கிலோ வீதம் ஊற்றி, கலந்த தேதியை ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுவேன். விளிம்பைத் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். இந்த விளிம்பை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அங்கே காய்ந்த செதில் அடுத்த தடவை மூடி திறக்கும்போது உள்ளே விழும், ஸ்கூப்பில் கோடு இழுக்கும். கால் கிலோவில் எனக்கு ஆறு ஃப்ரேம் வரும். மறுநாளைக்கு வேலை இருந்தால் முந்தின நாள் கடை பூட்டும்போது ஒரே ஒரு டப்பாவை வெளியே எடுத்து வைப்பேன். மற்ற மூன்றும் குளிரிலேயே இருக்கும். ஸ்கூப்பில் மீந்ததை இந்த டப்பாக்களில் திரும்ப ஊற்றுவதே இல்லை. பழைய மெஷ் துண்டில் வடிகட்டித் தனியாக வைத்து, பெரிய எழுத்து வேலைக்குப் பயன்படுத்திவிடுவேன்.

இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நாளைக்கு என்ன வேலை வரும் என்பது இன்றைக்கே தெரிய வேண்டும். சின்னக் கடையில் அது எத்தனை நாள் தெரிகிறது?

கோட்டிங் போட்ட ஃப்ரேமையும் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வைக்கவே கூடாது. காய்ந்த கோட்டிங்குக்கு எதிரி ஈரம். அதற்கு இருட்டான, உலர்ந்த அலமாரி வேண்டும். ஈரப்பதமானி 50 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி.

இப்போது தெர்மோஸ்டாட் கதைக்கு வருகிறேன். எமல்ஷன் உறையக் கூடாது. அது தண்ணீரில் மிதக்கிற நுண்துளிகளின் கலவை. உறைந்து உருகினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரிதிரியாகப் பிரிந்துவிடும், எவ்வளவு கிளறினாலும் சேராது. தெர்மோஸ்டாட் பழுதாகி, கம்ப்ரசர் நிற்காமல் இரண்டு நாள் விடுமுறை முழுவதும் ஓடியிருக்கிறது. நான் வந்து பார்த்தபோது நாலு டப்பாவும் கல்லாக இருந்தன. கலந்து மூன்றே நாள் ஆன எமல்ஷன் அது. பொருள் போனது மட்டுமல்ல, உறைவு பிடிக்கிற குளிர்த்தகட்டை ஒட்டி டப்பாவை அடுக்கியது என் தவறு, உள்ளே ஒரு வெப்பமானி வைக்காததும் என் தவறு. ஆனால் டிகிரி சொல்லாமல் 1, 2, 3 என்று எண் மட்டும் போட்ட திருகை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. 3இல் வைத்தால் எத்தனை டிகிரி என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

புதுத் தெர்மோஸ்டாட் போட்டபிறகு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். திருகு 2இல் இருக்கும்போது முன்பக்கம் 8 டிகிரி, பின்சுவர் ஓரம் 1 டிகிரி. ஒரே தட்டில் இவ்வளவு வித்தியாசம். இப்போது பின்பக்கத்தில் ஒரு தெர்மகோல் பலகையைச் செருகி, டப்பாக்களைக் கதவுப் பக்கமாக வைத்திருக்கிறேன்.

நண்பருக்கு நேற்று திரும்பப் போன் செய்தேன். ஃப்ரிட்ஜ் என் எமல்ஷனைக் காப்பாற்றியது, வீணாவதை நிறுத்தியது, எல்லாம் சொன்னேன். ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் மறுபடியும் சொன்னேன். அவர் புது எல்இடி எக்ஸ்போஷர் யூனிட் எடுக்கிறார். டயஸோ கலக்கவே தேவையில்லாத எஸ்பிக்யூ எமல்ஷன் அதற்குப் பொருந்தும். மூடி வைத்து நிழலில் வைத்தாலே ஒரு வருஷம் தாங்கும். எக்ஸ்போஷர் சில விநாடிகளில் முடிந்துவிடும் என்பதால் நேரத்தில் கவனம் வேண்டும், அறை விளக்கிலும் கவனம் வேண்டும், அவ்வளவுதான். அவசரத்துக்கு வருகிற வேலைக்கு டப்பாவை எடுத்து அப்படியே திறக்கலாம். அது ஒன்றே எனக்குப் போதும் என்று தோன்றியது.

"அப்போ நீங்க மாறப்போறீங்களா?" என்றார்.

என் பழைய டியூப் டேபிள் இருக்கும்வரை மாற மாட்டேன் என்றேன். பேசி முடித்ததும் நாளைய வேலைக்கு ஒரு டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.